காரணம் கேட்காமல் "இனி போக வேண்டாம்" என்று சொல்லுங்கள்

கேள்வி: நானும் என் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. பெரும்பாலான நாட்களில் ஒன்றரை ஷிப்ட் முடித்து நாங்கள் வீடு திரும்ப இரவு ஒன்பது மணி ஆகிவிடும். அதுவரை பிள்ளைகள் மாமியாரின் பொறுப்பில் இருப்பார்கள். மாடியில் வீட்டு உரிமையாளரின் மகன் இருக்கிறார், கல்லூரியில் படிக்கிறார். என் மகனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பார், கேரம் விளையாடுவார், தன் செல்போனில் கேம் விளையாடவும் விடுவார். எங்களுக்கு நிறைய உதவி செய்தவர். ஒரு மாதமாக மகன் மாடிக்குப் போக மறுக்கிறான். இரண்டு முறை படுக்கையை நனைத்துவிட்டான். "அண்ணன் ஏதாவது செய்தாரா?" என்று பலமுறை கேட்டுவிட்டேன், "ஒன்றுமில்லை" என்கிறான். நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பற்றி வீடியோ காட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். போனைத் தொட்டால் அடி விழும் என்று கண்டிப்பாக வளர்த்த பையன், எதையும் மறைக்கமாட்டான் என்றுதான் நினைத்தேன். "ஆண் பிள்ளைக்கு என்ன ஆகிவிடப்போகிறது, கேரமில் தோற்றிருப்பான்" என்கிறார் கணவர். மகளை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. உறவினர் யார் வந்தாலும் முத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள், மறுத்தால் மாமியார் கோபித்துக்கொள்கிறார். நான் என்ன செய்வது? மருத்துவரிடம் போக வேண்டுமா? விஷயம் வெளியே தெரிந்தால் குடும்பத்தின் பெயர் என்ன ஆகும்?

— ஒரு தாய், திருப்பூர்

குழந்தைகள் மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

நாளை மாலையிலிருந்து உங்கள் மகன் மாடிக்குப் போக வேண்டியதில்லை. இதை அவனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஏன் என்று கேட்காமல் சொல்லுங்கள். "அங்கே போக உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரிகிறது. இனி போக வேண்டாம். பாட்டி அனுப்பினாலும், அண்ணனே வந்து கூப்பிட்டாலும் போக வேண்டாம். நான் பாட்டியிடம் பேசிக்கொள்கிறேன்." அவ்வளவுதான். காரணம் சொன்னால்தான் விடுதலை என்று வைத்தால், காரணத்தைச் சொல்ல முடியாத பிள்ளை தினமும் படியேறிக்கொண்டே இருப்பான்.

அந்த இளைஞரை நான் குற்றவாளி என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, உங்களுக்கும் இன்னும் தெரியாது. படுக்கையை நனைப்பதும் ஒருவரைக் கண்டு ஒதுங்குவதும் குழந்தைகளிடம் பல காரணங்களால் வரும். பள்ளியில் ஒருவன் மிரட்டியிருக்கலாம், வகுப்பாசிரியர் மாறியிருக்கலாம், உங்கள் கணவர் சொல்வதுபோல் கேரமில் தோற்று அவமானப்பட்டும் இருக்கலாம். எந்த ஓர் அறிகுறியும் தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. ஆனால் மூன்று விஷயங்கள் ஒன்றாக வந்திருக்கின்றன. பழக்கமான ஒரே ஓர் ஆளிடமிருந்து விலகல், நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வந்தது, கேட்டால் வாயை மூடிக்கொள்வது. இதைக் "குழந்தைத்தனம்" என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த இளைஞர் எந்தத் தவறும் செய்யாதவர் என்றால், ஒரு சிறுவன் மாடிக்கு வராததால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த இரண்டு வரிகளை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டில் போனைத் தொட்டால் அடி. மாடியில் போனில் கேம் விளையாட அனுமதி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் மகனின் மௌனம் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

குழந்தைகளிடம் தவறாக நடப்பவர்கள் எடுத்த எடுப்பில் அதைச் செய்வதில்லை. முதலில் பெரியவர்களின் நம்பிக்கையைச் சம்பாதிக்கிறார்கள். சிலிண்டர் தூக்கித் தருவார்கள், மழை வந்தால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வண்டியில் கூட்டிவருவார்கள். பிறகு குழந்தையோடு சேர்ந்து வீட்டின் சின்ன விதி ஒன்றை மீறுவார்கள். அம்மா வேண்டாம் என்ற ஐஸ்கிரீம், அப்பா தடுத்த கேம். "அம்மாகிட்ட சொல்லாதே" என்று ஒரு கண்சிமிட்டல். அது ஒரு சோதனை. பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டால், சிரித்துக்கொண்டே விலகிவிடலாம். பெரிய குற்றம் எதுவும் நடந்துவிடவில்லையே. சொல்லாவிட்டால், இந்த வீட்டில் செய்தி வெளியே வராது என்று தெரிந்துவிடும். அடுத்த கட்டத்துக்குப் போன பிறகு குழந்தை வாயைத் திறக்க நினைத்தாலும், "போன் பார்த்ததை முதலில் சொல்ல வேண்டுமே" என்ற பயம் தடுக்கும். அதற்கே அடி என்றால் இதற்கு என்ன கிடைக்கும் என்று ஒன்பது வயது கணக்குப் போடும். தானும் கூட்டுக் குற்றவாளி என்றே நம்பும்.

கண்டிப்பாக வளர்த்த பிள்ளை எதையும் மறைக்காது என்பது நம் வீடுகளில் பரவலாக இருக்கும் நம்பிக்கை. என் ஆலோசனை அறையில் நான் பார்ப்பது அதற்கு நேர்மாறானது. அடிக்குப் பயந்த பிள்ளைகள்தான் நன்றாக மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே இந்த வாரம் நீங்கள் அவனிடம் சொல்ல வேண்டிய இரண்டாவது விஷயம் இது: "மாடியில் போன் பார்த்திருந்தாலும், வேறு எதைப் பார்த்திருந்தாலும், நான் திட்டமாட்டேன், அடிக்கமாட்டேன்." சொன்னால் அதைக் காப்பாற்ற வேண்டும். அவன் முதலில் சின்னத் தவறு ஒன்றைச் சொல்லி உங்களைச் சோதித்துப் பார்ப்பான். பென்சில் பாக்ஸைத் தொலைத்துவிட்டேன் என்பான். அப்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதைத்தான் கவனித்துக்கொண்டிருப்பான்.

"அண்ணன் ஏதாவது செய்தாரா?" என்று இனி கேட்காதீர்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விக்குப் பயந்த பிள்ளை "இல்லை" என்றுதான் சொல்வான். ஒருமுறை "இல்லை" சொன்னவன் அதிலிருந்து திரும்புவதும் கடினம், பொய் சொன்னதாக ஆகிவிடுமே. இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரியவர்கள் பதிலை வாயில் ஊட்டிக் கேட்கும்போது, உண்மையில் நடந்ததைச் சொல்லும் குழந்தையின் பேச்சும் பின்னால் நீதிமன்றத்தில் "தாய் சொல்லிக்கொடுத்தது" என்று தள்ளப்பட வாய்ப்பு உண்டு. உட்காரவைத்து விசாரிக்க வேண்டாம். சேர்ந்து வேலை செய்யும்போது, கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத நேரத்தில் பேச்சு தானாக வரும். துணி மடிக்கும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, விளக்கை அணைத்த பிறகு. "மாடியில் உனக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன?" என்று ஒரு கேள்வி போதும். பிறகு காத்திருங்கள்.

சொல்லிவிட்டான் என்றால்? அழாதீர்கள், கத்தாதீர்கள், கணவரை எழுப்பிக்கொண்டு மாடிக்கு ஓடாதீர்கள். "நீ சொன்னது நல்லது. நான் நம்புகிறேன். இதில் உன் தப்பு எதுவும் இல்லை" என்ற மூன்று வாக்கியங்களை இப்போதே மனப்பாடம் செய்துவையுங்கள், அந்த நேரத்தில் வார்த்தை வராது. "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்பது வாயில் தானாக வரும் கேள்வி, அதை விழுங்கிவிடுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மீற வேண்டியிருக்கும். "உன்னைப் பாதுகாக்கத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்பதே உண்மை. அவன் தூங்கிய பிறகு, அவன் சொன்ன அதே சொற்களில், தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சம்பவம் ஓரிரு நாட்களுக்குள் நடந்திருந்தால் அந்த உடைகளைத் துவைக்காமல் காகிதத்தில் சுற்றிவைத்து, அவனைக் குளிப்பாட்டாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காவல்துறைக் கடிதம் இருந்தால்தான் சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் கேட்கக் கூடாது.

அந்த இளைஞரிடம் நேரில் நியாயம் கேட்கக் கூடாது என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? போனில் ஏதாவது இருந்தால் அரை மணி நேரத்தில் அழிந்துவிடும். அவர்கள் உங்கள் வீட்டு உரிமையாளர்கள் என்பதும் இருக்கிறது. அட்வான்ஸ் பணம் அவர்களிடம், வீடு அவர்களுடையது. தெருப் பெரியவர் ஒருவர் வருவார், அந்தத் தாய் உங்கள் கையைப் பிடித்து அழுவார், பையனின் படிப்பு பாழாகிவிடும் என்பார்கள். அழுத்தம் எல்லாம் உங்கள் பக்கம் திரும்பிவிடும். நான்கு பேர் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கவைத்து முடித்துவிடக்கூடிய குற்றம் அல்ல இது. வீடு மாறுவது பற்றிப் பிறகு யோசிக்கலாம். புகாருக்குப் பதிலாக வீடு மாறினால் அந்த மாடிக்கு அடுத்த குடித்தனக்காரரின் பிள்ளை போவான்.

உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். மத்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்ன குழந்தைகள் 53 விழுக்காடு. அவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர் ஆண் பிள்ளைகள். ஆண் குழந்தைக்கு நடப்பதைப் பெயர் சொல்லிக் குற்றமாக்கும் சட்டம்கூட நம்மிடம் வெகு காலம் இல்லை. 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம்தான் 18 வயது நிரம்பாத எல்லாரையும், ஆண் பெண் வேறுபாடு இல்லாமல், குழந்தை என்று ஏற்றுப் பாதுகாப்புக் கொடுத்தது. உங்கள் கணவர் வளர்ந்த காலத்தில் அந்தப் பேச்சே கிடையாது, அதனால் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் "ஆண் பிள்ளைக்கு என்ன ஆகும்" என்ற வாக்கியம் மகனின் காதில் விழுந்திருந்தால் அவனுக்கு இன்னொரு கதவும் சாத்தப்பட்டுவிட்டது. அதைத் திறக்க வேண்டியவரும் அவர்தான். "எனக்கும் சின்ன வயதில் சிலரைக் கண்டால் பயம், அப்பாவிடம் எதையும் சொல்லலாம்" என்று அவர் ஒருமுறை சொன்னால், நீங்கள் பலமுறை கேட்டதைவிட அது அதிகம் வேலை செய்யும்.

நீங்கள் காட்டிய வீடியோவைப் பற்றி. தவறில்லை, ஆனால் போதாது. நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று பிரிக்கும்போது குழந்தை "எனக்கு வலித்ததா, பிடித்ததா?" என்று பார்க்கிறது. கிச்சுகிச்சு மூட்டுவதில் தொடங்குவது வலிக்காது. ஆபாசப் படம் காட்டுவதில் தொடுதலே இல்லை. அதுவும் போக்சோவின் கீழ் குற்றம்தான். வீடியோக்கள் "கத்து, ஓடு, சொல்" என்று முடிகின்றன. நிஜத்தில் பெரும்பாலான குழந்தைகள் உறைந்து நின்றுவிடுவார்கள். பிறகு, "நான் கத்தவில்லையே, ஓடவில்லையே" என்று தங்களையே குற்றம் சாட்டிக்கொள்கிறார்கள். பாதுகாக்கும் வேலையை அந்தச் சின்னத் தோளில் இறக்கிவைத்துவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

அதற்குப் பதில் இப்படிச் சொல்லிக்கொடுங்கள். ஜட்டி மறைக்கும் இடங்களை யாரும் தொடவோ பார்க்கவோ படம் எடுக்கவோ கூடாது, தங்களுடையதைக் காட்டவும் கூடாது. இதற்கு விலக்கு, குளிப்பாட்டும்போது பாட்டி, அம்மா; உடம்பு சரியில்லாதபோது அப்பா, அம்மா பக்கத்தில் இருக்க டாக்டர். அதிலும் ரகசியம் எதுவும் இருக்காது. யாராவது ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொன்னால், சொன்னவர் யாராக இருந்தாலும், அது நம் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். அந்த உறுப்புகளுக்கு, ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் புரியக்கூடிய ஒரு பெயரையும் சொல்லிக்கொடுங்கள். "ஷேம் ஷேம்" என்று மட்டும் கற்ற குழந்தை புகாரை எந்தச் சொல்லில் தொடங்கும்?

இனி மகள். மாமியாரின் கோபம் எனக்குப் புரிகிறது. வந்தவர்களை மதிக்காத பிள்ளை என்று பெயர் வந்துவிடுமே என்ற கவலை அது. மரியாதைக்கு நம்மிடம் கைகூப்பி "வாங்க" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது, அதில் உடம்பு சம்பந்தப்படுவதில்லை. அவள் தயங்கும்போது அவளைத் திட்டாமல், அவளுக்காக நீங்கள் பேசுங்கள். "அவளுக்கு இப்போது விருப்பமில்லை மாமா, வணக்கம் சொல்வாள்." முறைமாமன்கள் ஐந்து வயதுப் பெண்ணைப் பிடித்துவைத்து "என்னைக் கட்டிக்கொள்கிறாயா?" என்று சீண்டுவதும், அவள் அழ அழ எல்லாரும் சிரிப்பதும் நம் விசேஷ வீடுகளில் சாதாரணம். கெட்ட எண்ணம் இல்லாமல் செய்பவர்களே அதிகம். ஆனாலும் அவள் கற்றுக்கொள்வது, தான் வேண்டாம் என்றால் பெரியவர்கள் சிரிப்பார்கள் என்பதைத்தான். மாமியாரிடம் இதைச் சண்டையாக்காதீர்கள். மாலை முழுவதும் பிள்ளைகளோடு இருப்பவர் அவர். மாடி விஷயத்திலும் அவர் உங்கள் பக்கம் நின்றால்தான் காரியம் நடக்கும். "பையன் இனி மாடிக்குப் போக வேண்டாம், யார் கேட்டாலும் படிக்கிறான் என்று சொல்லிவிடுங்கள் அத்தை" என்று பொறுப்பை அவர் கையில் கொடுங்கள்.

நீங்கள் இருவரும் வேலைக்குப் போவதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளி விட்ட நேரத்திலிருந்து நீங்கள் வரும் வரை பிள்ளைகள் யாருடன், எந்த அறையில், கதவு திறந்தா மூடியா என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம். டியூஷன் வேண்டுமானால் பல பிள்ளைகள் சேர்ந்து படிக்கும், வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் இடமாகப் பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போய் நில்லுங்கள். நல்ல ஆசிரியர் யாரும் அதற்குக் கோபிக்கமாட்டார்.

குடும்பப் பெயர் பற்றிய பயம். போக்சோ வழக்கில் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் என எதையும் ஊடகங்கள் வெளியிட முடியாது, மீறினால் தண்டனை. குழந்தையின் வாக்குமூலத்தை அவன் வீட்டிலோ அவன் விரும்பும் இடத்திலோ, நீங்கள் உடனிருக்க, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும். கூடுமானவரை அவர் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண்ணாக இருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தை அவன் பார்க்க வேண்டியிராதபடி நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும். நடைமுறையில் எல்லா இடத்திலும் இது அப்படியே நடக்கிறது என்று சொன்னால் அது பொய். அதனால்தான் முதல் அழைப்பை 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் செய்யச் சொல்கிறேன். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆட்கள் உடன் வந்தால் காவல் நிலையத்தில் உங்களை நடத்தும் விதமே வேறாக இருக்கும். வழக்கு முடியும்வரை துணைக்கு ஒருவரை நியமிக்கும்படி குழந்தைகள் நலக் குழுவிடமும் கேட்கலாம்.

மறைக்காமல் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். குற்றம் நடந்தது தெரிந்த பிறகு புகார் செய்வது விருப்பம் அல்ல, போக்சோவின் 19-ஆம் பிரிவின்படி கடமை. அது உங்களுக்கும் பொருந்தும், மருத்துவருக்கும் பொருந்தும், என்னைப் போன்ற ஆலோசகருக்கும் பொருந்தும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஒருவேளை மகனின் படமோ வீடியோவோ யாருடைய போனிலாவது இருப்பது தெரிந்தால், ஆதாரம் என்று அதை உங்கள் போனுக்கு அனுப்பிக்கொள்ளவோ உறவினருக்குக் காட்டவோ வேண்டாம். அதை வைத்திருப்பதும் பகிர்வதும் தனிக் குற்றம். காவல்துறையிடம் மட்டும் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் இப்போதே போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாடிக்குப் போவது நின்று இரண்டு, மூன்று வாரம் ஆன பிறகும் படுக்கை நனைவது தொடர்ந்தால், தூக்கத்தில் பதறி எழுந்தால், சாப்பாடு குறைந்தால், அவன் எதுவும் சொல்லாவிட்டாலும் அழைத்துச் செல்லுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது போலப் பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. முதலில் குழந்தைகள் மருத்துவர், சிறுநீர்த் தொற்று போன்றவை இல்லை என்று பார்த்துவிடுவார். பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அதற்கு முன் உங்களுக்கே யாரிடமாவது பேச வேண்டும் என்றிருந்தால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம். மகனிடம், "உண்மையை டாக்டர் கண்டுபிடித்துவிடுவார்" என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். "ராத்திரி உனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை, அதற்காகப் போகிறோம்" என்று சொல்லுங்கள். அன்றைக்கு உங்கள் கணவரும் லீவு போட்டுவிட்டு வரட்டும்.